தபால் பெட்டியில் அப்பா பெயர்

ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றுக்கும் தயாராகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். வேலை ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தாயிற்று. விசாக் காகிதங்களுக்கு வரிசை எண் போட்டுக் கோப்பில் அடுக்கியாயிற்று. எந்தக் கோட்டு எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்றுகூட ஒப்பிக்கத் தெரியும். தபால் பெட்டியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

2022 அக்டோபர் கடைசியில் ஸ்டுட்கார்டில் போய் இறங்கினேன். வயது 26. கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனை வேலை. நவம்பர் 1 அந்த மாநிலத்தில் விடுமுறை என்பதால் 2ஆம் தேதி சேர்ந்தேன். முதல் மூன்று மாதத்துக்கு ஒருவருடைய வீட்டில் உள்வாடகைக்கு ஓர் அறை. நான்கு மாடிக் கட்டடம், எந்த வீட்டுக் கதவிலும் எண் கிடையாது. வாசல் அழைப்பு மணியிலும் கீழே வரிசையாக இருந்த தபால் பெட்டிகளிலும் குடும்பப் பெயர் மட்டும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் தேவை. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. இந்தப் படிவத்தைத் தர மறுப்பவரிடம் அறை எடுக்கவே எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பதிவு நடந்தால்தான் வரி எண் வரும். பதிவுச் சான்றைக் கேட்காத அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த வேலையை ஒழுங்காக முடித்தேன். 11 இலக்க வரி எண் சில வாரங்களில் தபாலில் வரும் என்றார்கள். தபாலில் மட்டும்தான் வரும். மின்னஞ்சலில் அனுப்ப மாட்டார்கள், தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள்.

வரவில்லை. நவம்பர் சம்பளச் சீட்டைத் திறந்தால் கண்ணைக் கட்டிவிட்டது. கையில் வந்தது நான் கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிடப் பல நூறு யூரோ குறைவு. தனியாள் என்ற கணக்கில் ஒன்றாம் வரி வகுப்பில் இருக்க வேண்டிய என்னை ஆறாம் வகுப்பில் போட்டிருந்தார்கள். அது இரண்டாவது வேலை பார்ப்பவர்களுக்கான வகுப்பு, பிடித்தம் அதிகம். வரி எண் கொடுக்காததால் அப்படி. எண் வந்ததும் சரிசெய்துவிடலாம், பணம் எங்கும் போகாது என்றார்கள். பணம் எங்கும் போகாதுதான், டிசம்பர் வாடகை என்னிடமிருந்து போகுமே!

அறைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னைக் கீழே அழைத்துக்கொண்டு போய், பெட்டியில் இருந்த தன் பெயரை விரலால் தட்டிக் காட்டினார். "உங்கள் பெயர் இங்கே எங்கே இருக்கிறது?"

தபால்காரர் வீட்டு எண்ணைத் தேடுவதில்லை, பெயரைத்தான் தேடுகிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். அன்று இரவே ஒரு வெள்ளைத் தாளில், நாம் எழுதுகிற மாதிரி இனிஷியலும் என் பெயருமாக எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினேன். அப்புறமும் ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் கடிதங்கள் வருவது என் பெயருக்கு இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அந்த நாட்டுக்கு அதுதான் நான். நகர அலுவலகத்தில் 'ஃப்ராவ்' என்று சொல்லி அதன் பின்னால் அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டபோது, அப்பாதான் வந்துவிட்டாரோ என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். வரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மருத்துவமனை வரவேற்பறைக்கும் நான் திருமதி அப்பா.

தாளைக் கிழித்துவிட்டு அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். வரி எண்ணை மறுபடி அனுப்பச் சொல்லி விண்ணப்பித்தேன். ஜனவரியில் வந்து சேர்ந்தது. அதிகம் பிடித்த பணம் அந்த மாதச் சம்பளத்தோடு திரும்பி வந்தது.

இனிஷியல் போடுகிற ஊரிலிருந்து போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே யோசித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், வேறு நாட்டுக் கணினிகளில் உங்கள் பெயர் என்ன பாடுபடும் என்று சொல்ல முடியாது. பட்டச் சான்று, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க ஒரு காகிதம், அந்தக் காகிதத்தை மொழிபெயர்க்க இன்னொரு காகிதம் என்று போகும்.

பெயர் ஒட்டியதும் இன்னொரு சிக்கல். இப்போது கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாம் ஜெர்மன் மொழியில். ஒன்று வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச் சொன்னது, மாதம் 18.36 யூரோ. என்னிடம் தொலைக்காட்சியே இல்லை, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று ஓரமாக வைத்தேன். தொலைக்காட்சி இருக்கிறதா இல்லையா என்பது பேச்சே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு அறைக்காரர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கணக்கு எண்ணை எழுதி அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டதால் நினைவூட்டலுக்கு மேல் நினைவூட்டல் வந்து, தாமதக் கட்டணம் சேர்ந்து, மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. புரியாத கடிதத்தைப் பார்த்தால் மனசு என்னவோ அதைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்லும். வந்த அன்றே திறந்து, கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்து, தேதி எதாவது இருக்கிறதா என்று மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். தேதி இருக்கிற கடிதம் இழுப்பறைக்குள் போகவே கூடாது.

பிப்ரவரியில் சொந்தமாக ஒரு வீடு பிடித்தேன். வீடு என்றால் வெறும் வீடு. சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் சுவரிலிருந்து இரண்டு குழாய் எட்டிப் பார்த்தன. கூரையில் விளக்குக்குப் பதில் மூன்று கம்பி தொங்கின. அங்கே பல வீடுகள் அப்படித்தான். காலி செய்கிறவர் அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார், அல்லது அடுத்து வருபவரிடம் விற்றுவிடுவார். விற்கிறேன் என்று அவர் சொன்னால் பேரம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள், புதிதாகப் போடுவதில் பணத்தைவிட நேரம் நிறையப் போகும்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாடகை கால்ட்மீட்ட, அதாவது 'குளிர் வாடகை'. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்தால் 'சூடான வாடகை', வார்ம்மீட்ட. மின்சாரம், இணையம் பெரும்பாலும் அதிலும் சேராது. வருடத்துக்கு ஒரு முறை உண்மையான செலவைக் கணக்குப் பார்த்துப் பாக்கியைக் கேட்பார்கள் அல்லது திருப்பித் தருவார்கள். முதல் வருடம் கேட்பார்கள் என்றே வைத்துக்கொண்டு கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள், குளிருக்குப் புதியவர்கள் ஹீட்டரை அணைப்பதே இல்லை. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை. அதை மூன்று மாதத் தவணையில் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. இது தெரியாமல் நான் மொத்தத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, அந்த மாதம் முழுக்க ரொட்டியும் முட்டையுமாக ஓட்டினேன். சாவி வாங்கும்போது சுவர்க் கீறல், தரைக் கறை ஒன்று விடாமல் படம் எடுத்து, ஒப்படைப்புக் குறிப்பிலும் எழுதவைக்க வேண்டும். எழுதாத கீறல் எல்லாம் நாம் போட்ட கீறல்.

வேலைக்கு வருகிறேன். வேலை கஷ்டமாக இருக்கும் என்று பயந்து போனேன், கஷ்டமாக இருந்தது 'சரி' என்ற ஒரு சொல்தான்.

நம் பேச்சில் அந்தச் சொல் படும் பாடு கொஞ்சமா? காதில் விழுந்தது என்றாலும் சரி, செய்கிறேன் என்றாலும் சரி, விட்டுத்தொலை என்றாலும் சரி, ஃபோனை வைக்கப்போகிறேன் என்றாலும் சரி. எந்தச் சரி என்று கேட்கிறவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பேசும்போதும் நான் அதே கணக்கில் 'ஓகே ஓகே' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஒரு திங்கள்கிழமை, குழுத் தலைவர் ஒரு சோதனைத் தொகுப்பைக் காட்டி "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்றார். ஓகே என்றேன். நீங்கள் கேட்டது புரிந்தது என்ற ஓகே அது. அவர் நாட்காட்டியில் வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டார். அதை நம்பி வேறொரு குழுவுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. 40 சோதனையில் 15 ஓட்டவே முடியாது. அவற்றுக்கு வேண்டிய கருவி வேறொரு ஆய்வகத்தில் இருந்தது, அடுத்த வாரம்தான் கிடைக்கும். சொல்லியிருக்கலாம். ஆனால் ப்ரோபெட்சைட் என்ற ஆறு மாதத் தகுதிகாண் காலம் அது, இரண்டு வார அறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முடியாது என்று சொன்னால் திறமை இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ? இரவு பத்து, பதினொன்று என்று உட்கார்ந்து மீதி 25ஐ முடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் விஷயத்தைச் சொன்னேன். உழைத்த உழைப்பைப் பார்த்தாவது மன்னித்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

அவர் கோபப்படவில்லை. "இது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தால் அந்தக் கருவியை நானே போய்க் கேட்டு வாங்கியிருப்பேனே."

அதற்குப் பதில் இல்லை. அடுத்து என் நேரப் பதிவைத் திறந்தார். இரவு பதினொரு மணிக்கு முடித்துவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்திருக்கிறேன். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்குவதற்குள் 11 மணி நேர இடைவெளி இருக்க வேண்டும், ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. சட்டம் அது, மீறினால் மாட்டுவது நிறுவனம். பாராட்டு வாங்கித் தரும் என்று நினைத்த அந்த இரவுகளுக்குத்தான் அன்று முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது வேலை கேட்டால் உடனே ஓகே சொல்வதில்லை. "எதெது வெள்ளிக்கிழமைக்குள் முடியும், எதெது முடியாது என்று நாளைக் காலை சொல்கிறேன்" என்பேன். மறுநாள் காலை சொல்லியும்விடுவேன். ஆரம்பத்தில் நாக்கு எழவில்லை. பெரியவர் ஒருவர் கேட்டதற்கு முகத்துக்கு நேரே முடியாது என்பதா என்று கூசியது. ஆனால் அவர்கள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை, அட்டவணையை மாற்றிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களும் என்னிடம் அப்படித்தான் பேசினார்கள். "இந்த அறிக்கை தெளிவாக இல்லை" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு, மதியம் என்னோடு உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். முதல் தடவை கழிவறையில் போய் அழுதேன். நாலாவது தடவை, எந்தப் பத்தி தெளிவாக இல்லை என்று திருப்பிக் கேட்டேன்.

உடம்புக்கு முடியாமல் போனபோதும் இதே கதை. காய்ச்சலோடு அலுவலகம் போனால் அக்கறை என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "எங்களுக்கும் கொடுக்கவா வந்தீர்கள்?" என்றார். பாதி வேடிக்கை, பாதி நிஜம். உடம்பு சரியில்லாத நாள் விடுமுறைக் கணக்கில் கழியாது. வேலை நேரம் தொடங்கும் முன் தெரிவித்துவிட வேண்டும், மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவர் சான்று வேண்டும். சில ஒப்பந்தங்கள் முதல் நாளே கேட்கும், படித்துப் பாருங்கள். பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து அந்தச் சான்று மருத்துவரிடமிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்வழியாகவே போய்விடுகிறது, வேலை கொடுப்பவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். என்ன நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் முதல் முறை தொண்டை, இருமல், இரவு தூங்காதது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். "இதெல்லாம் எனக்குத் தெரியவே கூடாது, நன்றாகத் தூங்குங்கள்" என்று குழுத் தலைவர் ஒரே வரியில் பதில் போட்டார்.

வங்கி, கைபேசி எல்லாம் பெரிய விஷயமில்லை. கைபேசி, உடற்பயிற்சிக் கூடம் போன்றவற்றில் 24 மாதம் கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் உண்டு, கையெழுத்துக்கு முன் காலத்தைப் பாருங்கள். நாம் அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்திவிட்டால் ஈடு கட்டும் பொறுப்புக் காப்பீடு ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு அதிகம் ஆகாது, போன கையோடு எடுத்துவிடுங்கள். தொலைந்த சாவியும் அதில் அடங்குமா என்று கேட்டு எடுப்பது நல்லது. கட்டடம் முழுக்க ஒரே பூட்டு வரிசை என்றால் ஒரு சாவி தொலைந்ததற்கு எல்லாப் பூட்டையும் மாற்ற வேண்டி வரலாம்.

மொழியில்தான் பெரிய தப்பு செய்தேன். அலுவலகம் முழுக்க ஆங்கிலம், அதனால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். என்னைப் போல ப்ளூ கார்டில், அதாவது பட்டம் படித்துவிட்டு வேலைக்கு வருகிற வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அனுமதியில் இருப்பவர், பி1 என்ற நடுத்தர நிலை ஜெர்மன் தேறினால் 21 மாதம் வேலை பார்த்ததும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதம். எனக்கு 27 ஆயிற்று. அந்த ஆறு மாதத்தில் எங்கள் பிரிவில் ஆட்குறைப்பு என்று ஒரு பேச்சு கிளம்பி, வேலை போனால் அனுமதியும் ஆடிப்போகுமே என்று இரவெல்லாம் உருண்டு படுத்தேன். வாரத்துக்கு இரண்டு மாலை வகுப்பு, முதல் மாதமே தொடங்கியிருந்தால் அந்தத் தூக்கம் மிச்சம்.

சரி, வகுப்பில் படித்த ஜெர்மன் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. புது வீட்டுக்குப் போன இரண்டாம் வாரம் என் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கியது. கேர்வோஹ என்று எழுதியிருந்தது. வரவேற்பு அலங்காரம் போலிருக்கிறது என்று அப்படியே விட்டேன். ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். சுவாபிய வட்டார வழக்கில் கடகடவென்று ஏதோ சொன்னார், எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய், கைப்பிடியில் ஒரு விரலை ஓட்டி, விரல் நுனித் தூசியை என் மூக்குக்கு நேரே காட்டினார். பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர் அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் பலகையை அடுத்த வீட்டுக்கு மாற்ற வேண்டும். அந்தப் பகுதியில் இது தலைமுறை தலைமுறையாக வருகிற முறை.

அன்று சனிக்கிழமை. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, நான் மூன்று மாடிப் படியையும் துடைத்தேன். மூலையில் துடைப்பத்தைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அரை மணி நேரம் அவரோடு காபி. அவருடைய ஜெர்மன் பிடிபட நாலு மாதம் ஆனது, அதற்குள் என் ஜெர்மனில் அவருடைய வட்டார வாடை ஏறி, வகுப்பு ஆசிரியை சிரித்தார்.

அந்த அரை மணி நேரம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று டிசம்பரைத் தனியாகக் கழித்தவர்களுக்குத்தான் தெரியும். மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சத்தம் போடும் வேலை எதுவும் செய்யக் கூடாது. வெள்ளி மாலை அலுவலகத்தில் "நல்ல வாரயிறுதி" என்று சொன்ன பிறகு திங்கள் காலைவரை வாயைத் திறக்காத வாரங்கள் உண்டு. அம்மா ஃபோனில் "சாப்டியா, நல்லா இருக்கியா?" என்பார். "நல்லா இருக்கேம்மா" என்பேன். அதுவும் ஒரு 'சரி'தான். ஒரு நாள் அலுவலகத்துத் தமிழக்கா ஒருவர் பிடித்து உலுக்கினார். "எல்லா ஞாயித்துக்கிழமையும் நம்ம ஆளுங்க வீட்லயே கிடக்காத, நம்ம ஆளுங்கள விட்டுட்டும் ஓடாத. ஒரு ஞாயிறு இங்க வா, ஒரு ஞாயிறு வேற எங்கயாவது போ." நகரத்துக்குள்ளேயே மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்கள், வீடுகளுக்கு நடுவே ஏறி இறங்கும் நூற்றுக்கணக்கான படிக்கட்டுப் பாதைகள். வாரம் ஒரு படிக்கட்டு என்று நடைக்குழு ஒன்றில் சேர்ந்தேன். அக்கா சொன்னதில் இன்னொன்றும் உண்மை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் கிடைக்கும் விசா ஆலோசனை பாதிக்கு மேல் பழசு. 2023 நவம்பரில் ப்ளூ கார்டு விதிகள் நிறைய மாறின, நிரந்தர அனுமதிக்கு அதற்கு முன்பு இருந்த 33 மாதக் கணக்கை இன்னமும் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டிகளை மாற்றினார்கள். இங்கேயும் நான் ஒட்டியிருந்த செல்லோடேப் தாளுக்கு விடை கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொறித்த உலோகப் பலகை. படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா பொதுவாக எதற்கும் கட்டைவிரல் படம்தான் போடுவார். அன்று ஃபோனே செய்தார். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, அதுல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கே?"

"பரவால்லப்பா, தபால் ஒழுங்கா வருது."

"அது எப்படி? பேரு தப்பா இருக்குல்ல, சொல்லி மாத்தச் சொல்லு."

அன்று இரவு வீட்டு நிர்வாகத்துக்கு ஜெர்மனில் நாலு வரி எழுதினேன். மொழிபெயர்ப்புச் செயலி இல்லாமல், பாட்டியிடமும் காட்டாமல். ஒன்பதாவது நாள் புதுப் பலகை வந்தது.